ராசப்பனுக்கு ஒரு ஃபுல் ஃப்ரேம்

காங்கேயத்திலிருந்து போன் வந்தபோது நான் சிங்காநல்லூர்க் குளக்கரையில் ஒரு கூழைக்கடாவிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். பறக்கும் என்று காத்திருந்தால் தூங்குகிறது. சரி, தூங்கட்டும் என்று பையிலிருந்து முறுக்கை எடுத்தால் பறக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அந்தப் பறவைக்கும் இதுதான் வேலை. மற்ற நாட்களில் நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். எதிலாவது கண்ணை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று என் ஜாதகத்தில் எழுதியிருக்கும் போல.

பேசியவர் முத்துசாமி. என் வீட்டுக்காரரின் தங்கை தனத்தைக் கட்டியவர்.

"அக்கா, நம்ம ராசப்பனைக் குடுத்துபோடலாம்னு இருக்கறனுங்க. கரூர்ப் பக்கம் ஒருத்தரு கேக்கறாரு. போன்ல எடுத்து அனுப்புனா, தலை மட்டும் பெருசா பின்பக்கம் சூம்பிப்போயித் தெரியுது, நல்ல கேமராவுல எடுத்து அனுப்புங்கங்கறாரு. நம்ம ஊட்லயே நீங்க இருக்கறப்ப நான் எங்க போயித் தேடறதுங்க?"

ராசப்பன் அவர்கள் வீட்டு மயிலைக் காளை. பிறந்த வாரமே தாய்ப்பசு செத்துப்போனதால் தனம் பாட்டிலில் பால் ஊட்டி வளர்த்தது. நான் பெருமையாக ஒத்துக்கொண்டேன். அடுத்து தனம் போனை வாங்கினாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, படம் நல்லா வந்துச்சுன்னா அவீங்க ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்களாமா?"

"அப்படித்தான் முத்துசாமி தம்பி சொல்றாரு."

"நல்லா வரலீன்னா?"

"நான் எடுத்து எப்படி அம்மணி நல்லா வராமப் போகும்?"

"சரி வாங்க, அரிசிம்பருப்பு ஆக்கி வெக்கறேன்" என்றாள். விற்பதா வேண்டாமா என்று அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் அதற்குள் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருப்பது சின்ன சென்சார் வைத்த பழைய கேமரா. சென்சார் என்பது உள்ளே படம் வந்து விழும் சில்லு. அது அந்தக் காலத்துப் பிலிம் ரோலின் ஒரு கட்டம் அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம். உள்ளே எகிறிக் குதிக்கும் கண்ணாடி இல்லாவிட்டால் மிரர்லெஸ். எங்கள் குளக்கரைக் கூட்டத்தில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். "ஃபுல் ஃப்ரேம் போயிருங்க மேடம், அப்புறம் திரும்பிப் பாக்க மாட்டீங்க" என்று வாராவாரம் யாராவது சொல்கிறார்கள். அவர்கள் எடுப்பதும் அதே கூழைக்கடாதான், அதே தூக்கம்தான். ஆனால் அவர்கள் படத்தில் அதன் கழுத்து மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். எனக்கும் எண்ண ஆசையாக இருந்தது. விலையைச் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். "வாடகைக்கு எடுத்து மூணு நாள் வெச்சுப் பாரு அம்மணி. வேணும்னா வேணும்னு சொல்லு, வாங்கிபோடலாம்" என்றார். இவ்வளவு சுலபமாக அவர் எதையும் சொன்னதில்லை என்பதால் எனக்கு உள்ளூர பயமாகவே இருந்தது.

சத்தியமங்கலத்தில் ஒரு அரிசி ஆலைக்கு அவர் ஒரு இரும்பு ஷாஃப்ட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அதை முடித்துவிட்டு அப்படியே காங்கேயம் போவதாக ஏற்பாடு. ஆக, அவர் தோளில் சாக்கில் சுற்றிய ஷாஃப்ட், என் தோளில் வாடகைக் கேமரா, என்னுடைய பழைய கேமரா, கேமராவை நிறுத்தும் முக்காலி. பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்காச்சும் பாலம் கட்டப் போறீங்களா?" என்றார்.

சத்தியமங்கலத்தில் முதலில் தெரிந்துகொண்டது கனம். ஃபுல் ஃப்ரேம் கேமரா அப்படியொன்றும் பெரிதில்லை. அதற்கு மாட்டுகிற லென்ஸ்தான் பச்சைக் குழந்தை கனம் கனக்கிறது. பவானி ஆற்றங்கரையை அடைவதற்குள் என் இடது தோள் வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டது. இரண்டாவதாகத் தெரிந்துகொண்டது வேறு விஷயம். படித்துறையில் ஒரு பெண், கைக்குழந்தையோடு நேராக என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

"சார், பாப்பாவ ஒண்ணு எடுங்க சார். அக்கா, நீங்க சித்தெ நவுந்துக்கங்க."

கேமரா என் கழுத்தில் தொங்குகிறது. அவர் கையில் இருப்பது ஷாஃப்ட். அவரும் கொஞ்சம்கூட யோசிக்காமல், "வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்குது, இப்படித் திரும்புங்க" என்கிறார். நான் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பழைய கேமராவோடு போனாலும் இதுவேதான் நடக்கும். அந்தக் குறையைத் தீர்க்க இன்னும் எந்தக் கம்பெனியும் சென்சார் கண்டுபிடிக்கவில்லை.

ஷாஃப்டை ஆலையில் கொடுத்துவிட்டு வந்து, பாலத்தின் மேல் நின்று ஒரே காட்சியை இரண்டு கேமராவிலும் எடுத்தேன். ஆறு, மணல்திட்டு, துணி துவைக்கும் பெண்கள், தூரத்தில் மலை. மீன் வறுவல் கடையில் உட்கார்ந்து இரண்டையும் அவரிடம் நீட்டினேன்.

"எது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மீன் முள்ளை ஓரமாக வைத்துவிட்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஆறுதான் அம்மணி."

கோபம் வந்தது. ஆனால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் உண்மை. நல்ல வெயிலில் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான். பொழுது இறங்கிய பிறகுதான் கதை மாறியது. விளக்கு ஏற்றும் நேரத்தில் ஆற்றோரம் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பழைய கேமராவில் அவள் முகத்தின் மேல் ராகி மாவைத் தூவியது போல் பொரிபொரியாக இருந்தது. புதியதில் அவள் நெற்றி வேர்வை வரைக்கும் சுத்தமாக வந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ராத்திரிக்கு வாங்கிய மீன் ஆறிப்போனது. இது எனக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை சத்தி பஸ் நிலையத்தில், கிளம்பத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸின் கூரையில் பூக்கூடைகளை அடுக்கியிருந்த அழகை நான் எடுத்துக்கொண்டே ஏற, என் பின்னாலேயே அவரும் ஏறினார். முன்சீட்டில் பூண்டு மூட்டையோடு இருந்த ஒரு அம்மாள் என் லென்ஸைக் காட்டி கன்னடத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்திலிருந்தவர் தமிழில் சொன்னார்: "இத்தாம் பெரிய கண்ணு வெச்சிருக்குது, முன்னாடி எழுதியிருக்கற போர்டு தெரியலியாங்கறாங்க." எங்களுக்கு வேண்டியது கோபிப் பக்கம் போகும் பஸ். ஏறியது மைசூர் பஸ். இறங்கி ஓடினோம்.

கோபி, பெருந்துறை என்று மாறி மாறி ஏறி, சென்னிமலை தாண்டியதும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் கீழே இறங்கிப் படுத்தார். என் வீட்டுக்காரர் கேட்காமலேயே அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இரும்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் இறங்கி நடந்தேன். சாலையோரம் கிளுவை வேலி, அதற்கு அப்பால் காய்ந்த கொறங்காடு. மாடு மேய்வதற்கென்று விட்டு வைத்திருக்கும் அந்தப் பொட்டல் நிலத்தில் அங்கங்கே குடை பிடித்த வெள்வேல மரங்கள். கோவையில் இந்நேரம் இதை மனை போட்டு விற்று, நடுவே ஒரு நீச்சல் குளமும் கட்டியிருப்பார்கள். முக்காலியை விரித்துக் கேமராவை மாட்டிக் குனிந்தேன்.

"ஏனுங்க, நில்லுங்க, நில்லுங்க."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் மண்வெட்டியோடு வேகமாக வந்தார். பின்னாலேயே அவர் மனைவியும்.

"எங்க காட்டை எதுக்குங்க அளக்கறீங்க? டவர் லைனுக்கா, ரோட்டுக்கா? போன வாரந்தான எல்லாருமாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தோம், உட மாட்டோம்னு?"

"அளக்கலீங்க. இது கேமராங்க. மரத்தைப் படம் எடுக்கறனுங்க."

"மரத்தையா? மரத்தை எதுக்குங்க எடுக்கோணும்?"

அவரை வரச் சொல்லிக் கேமராவுக்குள் பார்க்க வைத்தேன். தன்னுடைய மரத்தையே அவர் முதல் தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தம்மாள் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அந்த மூணு காலு மட்டும் வேண்டாமுங்க. வேற காட்டுல கல்லெடுத்து எறிஞ்சாலும் எறிஞ்சுபோடுவாங்க" என்றார். அதோடு முக்காலியை மடக்கிய நான் திரும்ப விரிக்கவேயில்லை. பஸ் கிளம்பியபோது என் வீட்டுக்காரர் முழங்கை வரை கிரீஸோடு, உலகத்திலேயே சந்தோஷமான மனிதராக ஏறி உட்கார்ந்தார்.

காங்கேயத்தை மூக்குதான் முதலில் கண்டுபிடிக்கும். களங்களில் காயும் கொப்பரை வாசம் பஸ்ஸுக்குள் வந்துவிடுகிறது. முத்துசாமி தம்பி வண்டியோடு நின்றிருந்தார். முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். தோட்டத்து வீட்டில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளமும் கத்திரிக்காயும். சத்தியில் தின்ற மீன் உட்பட எல்லாவற்றையும் மறந்தேன்.

"நங்கையா, அதென்னமோ பெரிய கேமராவாமா? அண்ணன் சொல்லுச்சு" என்றாள் தனம், இன்னொரு கரண்டி நெய்யைச் சாய்த்தபடி.

"ஆமா அம்மணி. ஃபுல் ஃப்ரேம்."

"புல்லா? புல்லெல்லாம் ஏதுங்க. கொறங்காடே காஞ்சு கெடக்குது."

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் முத்துசாமி என் பக்கம் திரும்பினார். "பையன் ஓசூர்ல இருக்கறானுங்க, பேரன் நடக்க ஆரம்பிச்சுட்டான். ஒரு கண்ணாலம் காச்சின்னாக்கூட ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போக முடியறதில்லீங்கக்கா. யாராச்சும் ஒருத்தரு ராசப்பனுக்குக் காவல் இருக்கோணும். என்ற முட்டியும் போச்சு. போற எடத்துல அதுக்கு மின்விசிறியெல்லாம் போட்டிருக்காங்களாம்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

"முட்டி போனது உங்களுக்கு. தீவனம் போடறதும் சாணி அள்றதும் நானு. நான் எங்கியாச்சும் போகோணும்னு சொன்னனா?" என்றாள் தனம். குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டு வட்டலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. தங்கை விஷயத்தில் மாப்பிள்ளையிடம் வாய் திறக்கக்கூடாது என்று ஒரு கொள்கை அவருக்கு.

வெயில் சாய்ந்ததும் ராசப்பனை வெளியே கொண்டுவந்தார்கள். நாலு பல் போட்ட, மூன்று வயதுக் காளை. உடம்பு சாம்பல் வெள்ளை, திமிலும் கழுத்தும் கருமை ஓடியது, மை தீட்டிய கண். தனம் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தாள். பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகும் தாய் மாதிரி, உடம்பு மினுமினுக்கட்டும் என்று உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவி நீவியும் விட்டிருந்தாள். விற்கக்கூடாது என்று நினைக்கிறவள்தான் அதை அழகு பார்த்தும் அனுப்புகிறாள். ஆனாலும் கேமராவைக் கண்ணில் வைத்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோனது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று எடுத்துத் தள்ளினேன். மயிர் மயிராக வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தைப் பிழிந்து சக்கையாக்கிவிடும் என்பதால், முழு அளவிலேயே போகும்படி பார்த்துப் பார்த்து அனுப்பினேன். என் பெருமை அப்படி.

பொழுது இறங்குவதற்குள் கரூர்க்காரர் கூப்பிட்டார். முத்துசாமி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாடு லச்சணமாத்தானுங்க இருக்குது. ஆனா பின்னால துடைப்பச் சுழி இருக்குதுங்களே. சொல்லவே இல்லீங்களே நீங்க."

மாட்டின் மேல் மயிர் சுழித்து வளரும் இடம்தான் சுழி. எங்கள் பக்கம் மாடு வாங்குகிறவர்கள் கொம்பையும் பல்லையும் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். வாலுக்கு மேலே இருப்பதற்குத் துடைப்பச் சுழி என்று பெயர். அந்த மாடு வந்தால் வீட்டில் உள்ள செல்வத்தையெல்லாம் பெருக்கித் தள்ளிவிடும் என்பது நம்பிக்கை. அப்படிப்பட்ட மாட்டை யாரும் தொட மாட்டார்கள்.

முத்துசாமி நொண்டிக்கொண்டே ஓடிப்போய் ராசப்பனின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து இல்லாத சுழி இன்றைக்கு எப்படி வரும்? நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாலுக்கு மேலே, வட்டமாக, அச்சு அசலாக ஒரு சுழி. அப்புறம்தான் புரிந்தது. தனம் எண்ணெய்க் கையால் வட்டமாக நீவியதில் மயிர் அப்படியே சுழித்துப் படிந்திருக்கிறது. என் பழைய கேமராவில் எடுத்திருந்தால் அது வெறும் பளபளப்பாகத் தெரிந்திருக்கும். இந்தக் கேமரா ஒரு மயிரைக்கூட விட்டுவைக்கவில்லை.

முத்துசாமி உடனே தன் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினார். பதில் வந்தது.

"போன்ல எங்கீங்க தெரியும்? பெரிய கேமராவுல தெரிஞ்சது பொய்யாகுமுங்களா? கம்ப்யூட்டர்ல அழிச்சுபோட்டு அனுப்பறவீங்களும் இருக்கறாங்க. நான் உங்களச் சொல்லலீங்க. காலைல அதே கேமராவுல எடுத்து, அப்படியே அனுப்புங்க. சுழி இல்லீன்னா வண்டியோட வாரேன். இருந்துச்சுன்னா தாராபுரத்துல ஒண்ணு சொல்லியிருக்காங்க, அதை முடிச்சுக்கறேன்."

சின்னக் கேமராவாக இருந்திருந்தால் சந்தேகத்தின் பலனை ராசப்பனுக்குக் கொடுத்திருப்பார். ஃபுல் ஃப்ரேம் என்பதால் சாட்சி பலமாகிவிட்டது.

மூன்றாம் நாள் காலை. முத்துசாமியும் என் வீட்டுக்காரரும் கிணற்று மோட்டாரில் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். தனம் ராசப்பனைக் கழுவித் துடைத்துக் கட்டியிருந்தாள். நான் தள்ளி நின்று, வெளிச்சம் பார்க்கக் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

அவளுக்கு நான் பார்ப்பது தெரியாது. முந்தானையில் மறைத்து வைத்திருந்த சின்னக் கிண்ணத்தில் இரண்டு விரலை நனைத்தாள். வாலுக்கு மேலே வைத்தாள். மெதுவாக, வட்டமாக, கோலத்துக்குப் புள்ளி சுற்றும் கவனத்தோடு மயிரைச் சுழித்துவிட்டாள். கன்னத்தை அதன் முதுகில் சாய்த்துக்கொண்டு, கண்ணை மட்டும் விரலில் வைத்திருந்தாள். என் விரல் தானாக அழுத்திவிட்டது. சத்தமே வரவில்லை, அதுதான் மிரர்லெஸ். திரையைப் பார்த்தேன். விரல் நுனியில் எண்ணெய் மின்னியது, ராசப்பனின் இமை மயிர் தெரிந்தது, அவள் கண்ணோரத்து ஈரமும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களில் அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை.

"தனம்" என்றேன்.

அவள் திரும்பினாள். கிண்ணத்தை மறைக்கப் போனவள், பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

"நேத்து தெரியாம ஆனதுங்க நங்கையா. சத்தியமா. மினுமினுன்னு இருக்கட்டும்னுதான் தேச்சேன். இன்னிக்குத்தான் தெரிஞ்சே செய்யறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பாட்டில் பாலு குடுத்தேனுங்க இதுக்கு. பையன் ஓசூர் போனப்பக்கூட அவனாத்தான் போறான்னு மனசத் தேத்திக்கிட்டேன். இது அதுவாவா போகுது? உங்களுக்குப் புடிக்கலீன்னா சொல்லுங்க, தொடச்சுப்போடறேன்."

கிணற்றடியிலிருந்து முத்துசாமியின் குரல் கேட்டது. "அக்கா, எடுத்தாச்சுங்களா? அவரு காத்திருக்கறாரு."

எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அவர் முட்டி, அவர் பேரன், கரூர்க்காரரின் மின்விசிறி. கூடவே என் கேமரா. அதன் மானம் இப்போது என் கையில்தான் இருக்கிறது. மயிரைத் துடைத்துவிட்டு எடுத்தால் அது ஜெயித்துவிடும்.

"சித்தெ தள்ளி நில்லு அம்மணி" என்றேன். "கை தெரியுது."

அவள் தள்ளி நின்றாள். நான் எடுத்தேன். அப்படியே அனுப்பினேன்.

தனம் டீயை ஆற்றிக் கொடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நேற்றைவிடச் சுழி இன்று தெளிவாகவே இருக்கிறதாம். தாராபுரத்துக்குக் கிளம்பிவிட்டாராம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம்.

முத்துசாமி மறுபடியும் ராசப்பனிடம் போனார். அதற்குள் அது வாலால் விசிறி, கட்டுத்தறியில் உரசி, எல்லாம் கலைந்திருந்தது. தடவினார். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அந்தக் கேமராவக் காட்டுங்கக்கா. எல்லாப் படத்தையும் பாக்கோணும்."

கையை நீட்டிவிட்டார். அவருக்கு முதுகைக் காட்டி, வெளிச்சம் அடிக்கிறது என்பது போல் திரும்பினேன். திரையில் தனம், ராசப்பன், எண்ணெய் விரல். இன்னொரு தடவை பார்க்கக்கூட நேரம் இல்லை. அழித்தேன். பிறகு கேமராவை அவர் கையில் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பின்பக்கம் எடுத்த எல்லாப் படத்திலும் சுழிதான் இருந்தது.

"இல்லாத சுழியை இது எப்படிங்கக்கா காட்டுது?"

"கோளாறா இருக்கும் தம்பி" என்றேன். "வாடகை மெஷினுதான."

"இத்தாம் பெரிசு இருந்து என்னுங்க பண்றது? இதப் போயி வாங்கலாம்னு இருக்கறீங்கன்னு மச்சான் சொன்னாரே. வாங்கிபோடாதீங்க சாமி."

"இல்லீங்க. வாங்கலீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கோபம் ராசப்பன் மேல் இல்லை, தனத்தின் மேல் இல்லை, என் மேல்கூட இல்லை. எல்லாம் அந்தக் கறுப்பு டப்பாவின் மேல். "கெடக்கட்டும். பேரனத்தான் இங்க கூட்டியாறச் சொல்லோணும்" என்று சொல்லிக்கொண்டே தீவனம் எடுக்கப் போனார். தனம் எங்களோடு வாசல் வரைக்கும் வந்தாள். என் கையைப் பிடித்தாள், விட மனமில்லாமல் பிடித்தாள். அவள் கை இன்னும் வழவழவென்று இருந்தது.

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியதும் என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"காலங்காத்தால மாட்டுக்கிட்ட நிக்கறவ கையில எண்ணெய் எதுக்கு அம்மணி?" என்றார். "நான் பட்டறைக்காரன். எண்ணெய்க் கையை எட்ட நின்னே கண்டுபுடிப்பேன்."

நான் வெளியே பார்த்தேன்.

"கேமராவுல ஒரு கோளாறும் இல்ல, என்ன?"

"இல்லீங்க."

"ஒனக்கு அது வேணுமா? உள்ளதச் சொல்லு."

தேவையா என்று கேட்டிருந்தால் ஏதாவது நியாயம் பேசியிருப்பேன். வேணுமா என்று கேட்டுவிட்டார். அழித்த படம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"வேணுமுங்க."

அவர் தலையை ஆட்டினார். "வாங்குனா மாப்பிள்ளைக்குத் தெரியாம இருக்காது. கோளாறுன்னு சொன்னதையே எதுக்கு வாங்குனாங்கன்னு யோசிப்பாரு. யோசிச்சா புரிஞ்சுபோடும். அப்புறம் வேற ஆளக் கூட்டியாந்து படம் எடுத்துருவாரு."

"தெரியுமுங்க."

"அப்ப ராசப்பன் அந்தக் கட்டுத்தறியில நிக்கற வரைக்கும் நமக்கு இந்தக் கேமரா கெடையாது. அதுக்கு இப்பத்தான் நாலு பல்லு போட்டிருக்குது அம்மணி. நல்லாக் கவனிச்சா இன்னும் ரொம்ப வருசம் இருக்கும்."

"தனம் நல்லாத்தானுங்க கவனிப்பா" என்றேன். "இருக்கட்டுமுங்க."